எஞ்சினுக்குள் போன மூச்சு

குணரத்தினம் குப்பி விளக்கை ஊதினான். சுடர் அசையவில்லை.

விடியப்புறம் வேலைக்குப் போகுமுன் அவன் வழக்கமாகச் செய்கிற காரியம் அது. சட்டைப் பொத்தானைப் பூட்டியபடி மேசைக்குக் குனிந்து ஒரே ஊது. சுடர் படுத்து நீலமாகி அணையும். புகை மணம் குசினி வரைக்கும் வரும். அந்த மணம் வந்தால் அண்ணன் வெளிக்கிட்டுவிட்டான் என்று வள்ளிநாயகிக்குத் தெரியும். இன்றைக்கு மணம் வரவில்லை. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் மறுபடியும் குனிந்தான். உதடு குவிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கன்னம் ஒட்டியது. சுடர் தன் எதிரில் யாருமே இல்லாதது போல நேராக, கூராக நின்றது.

"என்ன முழிசிறாய்?" என்றான் அவன் சிரித்துக்கொண்டு. "இருந்த காத்து முழுக்க எஞ்சினுக்குள்ள போட்டுது போல."

விரலால் திரியை நசித்துவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, மழைக்குள் சைக்கிளை உருட்டிப் போனான்.

அவள் விளக்கை மறுபடி கொளுத்தினாள். தூர நின்றே மெல்ல ஊதினாள். அணைந்தது. திரும்பவும் கொளுத்தி, இம்முறை ஊதாமல், "அண்ணா" என்று மட்டும் சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொல்லுக்கே சுடர் சாய்ந்து நடுங்கியது.

பாலையூற்றில் அந்த வீட்டில் அவர்கள் இரண்டு பேர்தான். அம்மா இறந்த வருடம் வள்ளி பள்ளிக்கூடத்தை விட்டாள். அண்ணனுக்குச் சமைக்க ஆள் வேண்டும் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். வகுப்பில் எழுந்து நின்றால் அவளுக்கு நாக்கு எழாது என்பது சொல்லாத காரணம். அதன் பிறகு அவளுடைய உலகம் கிணற்றடியும் குசினியும் அண்ணன் வந்து போகிற சத்தங்களுமாகச் சுருங்கிவிட்டது. அவன் சைக்கிள் சங்கிலி எங்கே உரசும், படலையை எப்படித் தள்ளுவான், எந்தக் கதிரையில் உட்கார்ந்தால் எந்தக் கால் கிரீச்சிடும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் மதிலால் விழுந்து மூக்கு உடைந்ததிலிருந்து, தூங்கும்போது அவனுக்கு ஒரு விசில் வரும். உள்ளே இழுக்கையில் அல்ல, வெளியே விடும்போது மட்டும். குழந்தைப் பிள்ளை ஓலைக்குழல் ஊதிப் பழகுவது போன்ற ஒரு மெல்லிய விசில். அதைக் கேட்டபடியே அவள் தூங்கிப் பழகியிருந்தாள்.

சில நாட்களாக அது கேட்கவில்லை. தடிமன் பிடித்து மூக்கு அடைத்திருக்கிறது என்று நினைத்திருந்தாள்.

இப்போது, அணைந்த விளக்கை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவள் பின்னறைக் கதவைப் பார்த்தாள்.

அங்கேதான் மோட்டார் சைக்கிள் இருந்தது. பலகைப் பெட்டி ஒன்றின் மேல் ஏற்றி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தான். தெருவில் ஓடுகிற வகை அல்ல அது. காட்டு வழியிலும் கடற்கரை மணலிலும் பாய்வதற்கென்றே கட்டியது. முன்விளக்குக் கிடையாது. சில்லு முழுக்கத் தடித்த பற்கள். புகைக்குழாய் மற்ற மோட்டார் சைக்கிள்களில் போலக் கீழே ஓடாமல், இருக்கையின் பக்கமாக மேலேறி, வள்ளியின் முக உயரத்தில் வாயைத் திறந்தபடி நின்றது. வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தில் இருந்த காலத்தில் யாரோ அதிகாரி மணல் பந்தயத்துக்கென்று கொண்டுவந்ததாம். அவர்கள் போகும்போது விட்டுப்போன எத்தனையோ சாமான்களோடு அதுவும் கை மாறி, மூதூர்ப் பக்கம் போய், இப்போது லாஞ்சியில் திரும்பி வந்திருந்தது. கொண்டுவந்தவன் முஹம்மது தம்பி. மூதூருக்கும் பட்டினத்துக்கும் கடலில் ஆளேற்றி ஓடுகிற லாஞ்சியில் வேலை செய்பவன். வயதில் மூத்தவர்களும் இளையவர்களும் ஒரே மாதிரித் 'தம்பி' என்று கூப்பிடுகிற ஆள். குணரத்தினத்துக்கு உயிர்ச் சிநேகிதன். பொங்கலுக்கு நிலாவெளி மணலில் நடக்கிற பந்தயத்தில் அதில் ஏறி ஓடவேண்டும் என்பது குணரத்தினத்தின் ஆசை. ஆசை என்றால், சாப்பாட்டுக் கோப்பையை முன்னால் வைத்துவிட்டு எஞ்சினைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிற அளவு ஆசை.

வந்த அன்றே எஞ்சினின் அடி ஆணியைக் கழற்றினான். எண்ணெய் வரவேண்டிய இடத்தால் கடல் தண்ணீர் வந்தது. பிடித்த சட்டி நிரம்பியது. வாளியை வைத்தான். அதுவும் நிரம்பியது.

"எஞ்சினுக்குள்ள இவ்வளவு பிடிக்காதே" என்று தலையைச் சொறிந்தான். அவ்வளவுதான் அவனுக்கு. பிறகு சிரித்தான்.

தண்ணீரில் பெற்றோல் மணம் இல்லை. வற்றுக்கடலில் பாசி அழுகிக் கிடக்கிற மணம். வள்ளி அறையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினாள், சாம்பிராணி போட்டாள். மழை இறுக்கிப் பெய்கிற நேரங்களில் அது தரைக்குள்ளிருந்து மறுபடியும் எழும்பி வந்தது.

பிறகு வந்த பின்னேரங்களில் எஞ்சின் துண்டு துண்டாகப் பழைய பேப்பரில் விரிந்தது. அவன் ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவினான், அம்மாவின் பழஞ்சேலைத் துணியால் துடைத்தான். வால்வு அரைக்கிற மா கடைகளில் கிடைக்காதபடியால், புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மண்ணைச் சல்லடையில் அரித்து எண்ணெயில் குழைத்து, வால்வின் தண்டைக் கைகளுக்கு நடுவில் வைத்து, மோர் கடைவது போல மணிக்கணக்கில் உருட்டினான். 'சர்க், சர்க்' என்று அந்தச் சத்தம் வீடு முழுக்க இருந்தது. வள்ளிக்கு அது பிடித்திருந்தது. மழைக்குள் ஒரு துணை மாதிரி.

பரிசோதனை நாள்தான் அவளுக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

சிலிண்டரின் தலையைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தால் அது ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணத்தின் அடியில் இரண்டு துளைகள், துளைகளை மூடியபடி இரண்டு வால்வுகள். கிண்ணத்தில் மண்ணெண்ணெய் விட்டு, பக்கவாட்டிலுள்ள காற்று வாசலில் வாய் வைத்து ஊத வேண்டும். வால்வு சரியாக இருந்தால் காற்றுக்குப் போக வழியில்லை. ஊதுகிறவனுக்குக் கன்னம் புடைத்து நிற்கும். சரியில்லாவிட்டால் மண்ணெண்ணெயில் குமிழி வரும். துறைமுக வேலைத்தளத்தில் எல்லாரும் இப்படித்தான் பார்ப்பார்களாம். வாய்தான் நம்பிக்கையான கருவி என்பது அண்ணனின் கட்சி.

அவன் ஊதினான். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தாள். ஒரு குமிழி வரவில்லை. மண்ணெண்ணெய் கண்ணாடி போல அசையாமல் கிடந்தது. ஆனால் அவன் கன்னமும் புடைக்கவில்லை. மூச்சு போய்க்கொண்டே இருந்தது. கன்னம் ஒட்டியது, தோள் இறங்கியது, முகம் கறுத்தது, அப்போதும் போய்க்கொண்டே இருந்தது. வழியில்லாத இடத்துக்குள்ளே. கடைசியில் வாயை எடுக்க அவன் கையால் உந்தித் தள்ள வேண்டியிருந்தது. உதட்டில் வட்டமாக ஒரு தழும்பு.

"நல்லா இழுக்குது" என்றான், நெஞ்சைத் தடவிக்கொண்டு.

அன்று இரவு விசில் நின்றது. இப்போது யோசித்துப் பார்த்தால், அன்றைக்குத்தான்.

மத்தியானம் வரை அவள் பின்னறைக்குப் போகவில்லை. மழை ஓட்டில் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது. பகலே பொழுதுபட்டது போலிருந்தது. பக்கத்து வீட்டுக் கனகம்மா வெள்ளத்துக்குப் பயந்து சல்லி ஊரில் மகளிடம் போயிருந்தாள். அந்தப் பக்கம் பூட்டிய கதவும் வாழைமரங்களும்தான். அவள் அரிசி களைந்தாள். தண்ணீரை ஊற்றிவிட்டு நின்றாள். மழைச் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் இருந்தது. துணியைத் தரையில் மெல்ல இழுப்பது போல. ஓர் இழுவை. ஓர் இடைவெளி. ஓர் இழுவை.

பின்னறைக் கதவு சாத்தித்தான் இருந்தது. உள்ளே போனாள்.

எஞ்சின் பூட்டி முடிந்து, தன் இடத்தில் பொருந்தி இருந்தது. யாரும் தொடவில்லை. எதுவும் அசையவில்லை. மேசையில் அண்ணனின் நீளமான ஸ்குறூ டிறைவர் கிடந்தது. ஓடுகிற எஞ்சினின் உள்நோவை அவன் அதால்தான் கேட்பான். அதன் முனையை இரும்பில் வைத்து, பிடியைக் காதுக்குள் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்பான். வைத்தியர் நெஞ்சுக்குக் குழாய் வைப்பது போல. நின்றுபோன எஞ்சினில் கேட்பதற்கு ஒன்றும் இராது. அவளுக்கு அது தெரியும். தெரிந்துதான் எடுத்தாள். ஒன்றும் இல்லை என்று கேட்டுவிட்டுப் போய்ச் சமைக்கலாம்.

முனையை இரும்பில் வைத்தாள். பிடியைக் காதில் அழுத்தினாள்.

முதலில் தன் இரத்தத்தின் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. பிறகு, மிகக் கிட்டத்தில், இரும்புக்குப் பின்னால், யாரோ மூச்சை இழுத்தார்கள். நிறுத்தினார்கள். விட்டார்கள்.

விடும்போது விசில் கேட்டது.

வேலைத்தளம் அன்று வேளைக்கே விட்டுவிட்டது. கடலில் காற்று முறுகுகிறதென்று துறைமுகத்தில் கொடி ஏற்றிவிட்டார்களாம். குணரத்தினத்தோடு முஹம்மது தம்பியும் வந்தான். உடுத்திருந்த நனைந்த சாரத்தைப் பிழிந்தபடி, தகரக் கலன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு.

"பிடி தங்கச்சி, கொண்ணன்ட குதிரைக்குத் தீனி" என்றான். "முழுக் கலன் இல்லை, பாதிதான். பட்டினத்தில ஒரு சொட்டுக் கிடையாது. கண்டி றோட்டு வெள்ளத்துக்குள்ள, பெற்றோல் பவுசர் வரல்ல. காட்டுக்குள்ள வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கியள் மலை மலையா, ஒரு போத்தல் பெற்றோலுக்கு மனுசன் நாயா அலையிறான். இதுதான் நம்மட ஊரு."

"இரு மச்சான், தேத்தண்ணி குடி" என்றான் குணரத்தினம். அதைச் சொல்லுமுன் ஒரு தரம் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டான். சொல்லி முடித்ததும் நெஞ்சு அப்படியே தணியாமல் நின்றது.

"என்னடாப்பா, மெலிஞ்சு போனாய்? பந்தயத்துக்குப் பாரம் குறைக்கிறியோ? அப்பிடியென்டா தலையைக் கழட்டி வைச்சிட்டுப் போ. அதுக்குள்ள பெரிசா ஒன்னும் இல்லைத்தானே."

குணரத்தினம் சிரித்தான். வாய் சிரித்தது. சத்தம் வரவில்லை. தேத்தண்ணீரை ஊதாமல் குடித்தான். ஆவி பறக்கிற கோப்பையை அப்படியே வாயில் கவிழ்த்தான். கண்ணில் தண்ணீர் வந்தது.

தம்பி பீடி ஒன்றைப் பற்றவைத்து, இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, சிநேகிதனிடம் நீட்டினான். குணரத்தினம் வாங்கி இழுத்தான். நுனி சிவந்து நீளமாக எரிந்தது. வள்ளி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். புகை வரும். இப்போது வரும். மூக்காலாவது வரும். அவன் பீடியைத் திருப்பிக் கொடுத்தான், மழையைப் பார்த்தான், முழங்காலைச் சொறிந்தான்.

அவள் எழும்பி, பின்னறைக் கதவைத் தள்ளினாள்.

புகைக்குழாயின் வாயிலிருந்து, அவள் முக உயரத்தில், ஒரு மெல்லிய நீலப் புகை நூலாக வெளியே வந்துகொண்டிருந்தது. பீடி மணத்தது.

தம்பி கோப்பையைக் கழுவ வைக்கக் குசினிக்கு வந்தபோது அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அந்நிய ஆம்பிளையோடு அவள் ஒரு வசனம் முழுதாகப் பேசியது அதுதான் முதல் தரம்; முஸ்லிம் வீடுகளில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி 'நானா' என்று தொடங்கினாள்.

"நானா, உந்த மோட்டார் சைக்கிள் ஆருடையது?"

அவன் முகத்தில் இருந்த பகிடி போய்விட்டது. "கொண்ணன் சொல்லல்லியா?"

"இல்லை."

"கட்டைபறிச்சான் ஊரு யோகலிங்கத்திட." குரலைத் தணித்தான். "நல்ல ஓட்டக்காரன். போன மாரிக்குத்தான். மூதூர் ஜெட்டியில லாஞ்சிக்கு ஏத்தினம். பலகை வழுக்கிச்சு. அவன் கைபிடியை விடல்ல, அதோடயே போனான். கயிறு என்ட கையில. 'பிடி, தம்பி, பிடி' என்டு கத்தினான். பிடிக்க ஏலாமப் போச்சு, தங்கச்சி. பாரம். பொறவு நங்கூரம் போட்டு இழுத்தம். மோட்டார் சைக்கிள் வந்திச்சு." கோப்பையை வைத்தான். "ஆள் வரல்ல. இன்னும் வரல்ல. தாய் யோகம்மா இதைக் கண்ணில காட்டாத, கொண்டு போய்க் கடலுக்கே குடு என்டு அழுதிச்சு. நல்ல சாமான், கடலுக்கு எதுக்கு? குணத்துக்கு ஆசை."

போகும்போது படலையடியில் நின்று உள்ளே பார்த்துக் கத்தினான்: "இனி லாஞ்சி ஓடாது மச்சான், நான் ஜெட்டியடியில மச்சினன்ட வீட்டிலதான். விடிய வந்து சத்தம் கேக்கிறன், என்ன?"

குணரத்தினம் கையை உயர்த்தினான்.

பொழுது பட்டுக்கொண்டிருந்தது. அவன் பின்னறையில் சட்டையைக் கழற்றிவிட்டு, புனல் வைத்துத் தாங்கிக்குள் பெற்றோல் விட்டுக்கொண்டிருந்தான். அவள் கதவடியில் நின்றாள். அவன் முதுகைப் பார்த்தாள். விலா எலும்புகள் விரிந்தபடியே நின்றன.

"அண்ணா. அதை ஸ்டார்ட் பண்ணாதேங்கோ."

"ஏன்?"

அவளுக்கு நாக்கு எழவில்லை. வகுப்பில் நின்றது போலவே நின்றாள். பிறகு வந்தது. "நீங்கள் மூச்சு விடுறேல்ல."

அவன் புனலை வைத்தான். திரும்பியபோது அவன் முகத்தில் கோபம் இல்லை. அவளுடைய பயத்தை விடப் பழைய பயம் ஒன்று அங்கே இருந்தது.

"எனக்குத் தெரியும் பிள்ளை" என்றான். இழுத்துக்கொண்டான். "உள்ள எடுக்கிறன். வெளிய வருகுதில்லை. எங்கயோ போகுது." இழுத்துக்கொண்டான். "அது ஓடினா வந்திடும் போல கிடக்கு. அடைஞ்சு கிடக்கிறதுதானே. ஓடினா வெளிய வரும்."

அவள் அழுதாள். அவன் பெட்டியின் மேல் ஏறி உதைபெடலை மிதித்தான்.

எஞ்சின் ஒரு தரம் கனைத்தது. அவன் உதடு நீலமாகியது. மறுபடி மிதித்தான். கனைப்பு. கைபிடியில் சாய்ந்து, கண் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் பெடலில் விட்டான்.

பிடித்துக்கொண்டது.

வீடு அதிர்ந்தது. குசினியில் கோப்பைகள் கிலுங்கின. புகைக்குழாய் உப்புத் தண்ணீரைத் துப்பியது, கறுப்பாகத் துப்பியது, பிறகு தெளிவாகப் பேசத் தொடங்கியது: டுப், டுப், டுப், டுப். குணரத்தினம் வாயைத் திறந்து, நீருக்கடியிலிருந்து மேலே வந்தவன் போல, பெரிதாக மூச்சு விட்டான். அவள் முகத்தில் அது பட்டது. சூடாக. வெற்றிலை மணத்தோடு. அண்ணனின் மூச்சு.

"பார்!" என்று கத்தினான். குப்பி விளக்குக்குக் குனிந்து ஊதினான். அது அணைந்தது. இரண்டு பேரும் இருட்டில் நின்று சிரித்தார்கள். அவன் விசில் கேட்டது. அவள் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

விளக்கைக் கொளுத்திவிட்டு அவன் காபுரேட்டரை ஒழுங்குபடுத்தக் குந்தினான். அதிகம் வேகமாக ஓடுகிறதாம், தணிக்க வேண்டுமாம். ஸ்குறூவைக் கொஞ்சம் திருப்பினான். டுப், டுப் தளர்ந்தது. அவன் நெஞ்சும் தளர்ந்தது. இன்னும் கொஞ்சம். டுப்... டுப்... அவன் தலை மெல்ல மெல்ல எஞ்சினை நோக்கிச் சாய்ந்தது. எஞ்சின் தடுமாறி இருமியது.

அவன் இருமினான். அதே நேரத்தில். அதே இருமல்.

அவள்தான் பாய்ந்து ஸ்குறூவைத் திருப்பிவிட்டாள். அவன் பின்னால் விழுந்து, அவளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு இருவரும் பெற்றோல் கலனைப் பார்த்தார்கள்.

அவனைக் கதிரையில் இருத்தினாள். ஆட்களைக் கூப்பிடப் படலை வரைக்கும் ஓடினாள். கைபிடியைத் திருகிப் பிடிக்க ஆள் இல்லாதவுடன் எஞ்சின் தளர்ந்தது. பின்னால் கதிரை கிரீச்சிட்டது. திரும்பி ஓடிவந்தாள். அதன் பிறகு அவள் நகரவில்லை. ஒரு கை கைபிடியில். மறு கையில் சுளகு. நின்ற இடத்திலேயே ஓடுகிற எஞ்சின் சூடேறி இறுகிவிடும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். நெல் புடைக்கிற சுளகால் இரும்புக்கு விசிறினாள். எஞ்சினுக்கு விசிறினாளா, அண்ணனுக்கு விசிறினாளா என்று அவளுக்கே தெரியவில்லை. யன்னலால் சாரல் அடித்தது. புகை கண்ணைக் கரித்தது. அவன் கதிரையில் சாய்ந்திருந்தான். நெஞ்சு எஞ்சினோடு ஏறி இறங்கியது. இடைக்கிடை "பயப்பிடாதை" என்றான். பிறகு அதையும் சொல்லவில்லை. கண் மட்டும் அவள் மேல் இருந்தது.

கலன் லேசாகியது. கலனைக் கவிழ்த்தாள். குலுக்கினாள். கடைசிச் சொட்டையும் விட்டாள்.

குசினியில் மண்ணெண்ணெய்ப் போத்தல் இருந்தது. ஒரே ஓட்டமாக ஓடி எடுத்துவந்து, அதை ஊற்றினாள். எஞ்சின் தட்டியது. உள்ளே சுத்தியலால் அடிப்பது போலத் தட்டியது. கறுப்புப் புகை. அண்ணன் கறுப்பாக இருமினான். அது வாயோரத்தால் நாடி வழியே ஒழுகியது. குப்பி விளக்கின் எண்ணெயையும் ஊற்றினாள். இருட்டு. சாமித் தட்டில் அம்மாவின் படத்துக்கு முன்னால் தேங்காயெண்ணெய் விளக்கு மட்டும். அதை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள்.

டுப்.

டுப்.

மழையும் விட்டிருந்தது. எப்போது விட்டதென்று தெரியவில்லை. ஓட்டிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

அண்ணன் கண் திறந்திருந்தது. நெஞ்சு நின்றது.

அவள் யோசிக்கவில்லை. காபுரேட்டரின் குழாயை இழுத்துப் பிடுங்கினாள். முழந்தாளிட்டாள். சூட்டில் உதடு பொசுங்கியது. எஞ்சினில் திறந்த அந்தத் துளையில் வாயை வைத்து ஊதினாள்.

கதிரையில் அவன் நெஞ்சு உயர்ந்தது.

வாயை எடுத்தாள். நெஞ்சு இறங்கியது. விசில்.

மறுபடி ஊதினாள். உயர்ந்தது. இறங்கியது. விசில். அவள் ஊதினாள். தலை சுற்றியது. ஊதினாள். யன்னல் சாம்பலாக வெளுத்துவந்தது. விடிய வந்து சத்தம் கேக்கிறன் என்றான் தம்பி. விடிந்தால் தம்பி வருவான். ஆட்கள் வருவார்கள். அதுவரை. ஊதினாள்.

ஒரு முறை ஊதி முடித்தபோது, மூச்சு முடியவில்லை.

போய்க்கொண்டே இருந்தது. கன்னம் ஒட்டியது. தோள் இறங்கியது. அவள் ஊதவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து இழுத்தார்கள். நாக்கில் உப்பு. பாசி. அவள் இரண்டு கையாலும் இரும்பை உந்தினாள். உதட்டின் தோல் கழன்று வந்தது.

தரையில் விழுந்தாள். கதிரையில் அண்ணனின் நெஞ்சு அசையவில்லை. ஆனால் எஞ்சினுக்குள் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஸ்குறூ டிறைவர் தேவைப்படவில்லை. அறை முழுக்கக் கேட்டது. விசில் இருந்தது. விசிலோடு, அவள் அழும்போது வருகிற சின்ன விக்கலும் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஆழமாக, நிதானமாக, பெரிய நெஞ்சுக்காரன் ஒருவன் இழுத்து விட்டான்.

படலை சத்தமிட்டது. விறாந்தையில் ஈரக் காலடி.

"மச்சான்! குணம்! என்ன சத்தத்தைக் காணல்ல? தங்கச்சி, எழும்பியாச்சா?"

நானா, என்று அவள் கத்தினாள். உள்ள வராதேங்கோ, ஓடுங்கோ, என்று கத்தினாள். வாய் அகலத் திறந்திருந்தது. அவள் உதட்டுக்கு முன்னால் சாமி விளக்கின் சுடர் நேராக, கூராக நின்றது. அசையவில்லை.

கதவில் தட்டினான். "குணம்?"

மோட்டார் சைக்கிளின் இருக்கை, மேலே ஒருவரும் இல்லாமல், பாரத்துக்கு இறங்குவது போல மெல்ல அமிழ்ந்தது. அதன் விளிம்பால் தண்ணீர் ஒழுகத் தொடங்கியது. உதைபெடல் தானாகக் கீழே போய், அப்படியே மிதிபட்டு நின்றது. புகைக்குழாயின் வாய் கரகரத்தது. உப்புத் தண்ணீரைக் கொப்பளித்து, தொண்டையைச் செருமி, அண்ணனுடைய மூச்சிலும் அவளுடைய மூச்சிலும், அவள் ஒருநாளும் கேட்டிராத ஓர் ஆண்குரல் பேசியது.

"பிடி, தம்பி. பிடி."

கதவுக்கு வெளியே தட்டுகிற சத்தம் நின்றது.